இரண்டு பூட்டுப் பெட்டி

"பூட்டு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மேடம். பணத்தைத்தான் காணோம்" என்றார் லிப்ட் மெக்கானிக்.

சொல்லிவிட்டுத் தங்கையை முறைத்தார். தங்கை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் அண்ணனை அதைவிட நன்றாக முறைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்ட மெரூன் நிற இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. அடியில் விரித்த செய்தித்தாளைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை.

எனக்குக் காலையிலேயே கடுப்பு. குடும்ப கேஸ் என்றாலே எனக்கு ஆகாது. வெளித் திருடன் என்றால் பிடித்தோமா, உள்ளே தள்ளினோமா என்று வீட்டுக்குப் போய்ச் சேரலாம். குடும்பத் திருட்டில் எடுத்தவனும் அழுவான், பறிகொடுத்தவனும் அழுவான், கடைசியில் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து நம்மைத் திட்டுவார்கள்.

ஆனால் மேடம் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் "முடியாது" என்று சொல்லியே பாதி வாழ்க்கையை ஓட்டியவர் அவர். அங்கே அவருக்குப் பெயரே 'முடியாது மேடம்' தான். பொய் சொல்லிக் கடன் கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். வேலையை விட்டதும் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். நான் கடன் வசூல் பண்ணிக்கொண்டிருந்தவன். வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேடம் என்னை 'ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிடுவார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒருத்தர் மட்டும்" என்றார் மேடம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

கத்தலையெல்லாம் கழித்துவிட்டால் விஷயம் இதுதான். இது வாடகை வீடு. பல வருஷமாக இங்கேதான் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் இவர்களுக்கே விற்கிறேன் என்றார். அண்ணனும் தங்கையும் சம்பளத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் சரிபாதியாகத் தயாராக இருந்தது. ஆனால் வீட்டுக்காரரின் பத்திரத்தில் ஏதோ பங்காளி வழக்கு. அது முடியும்வரை பணத்தை எங்கே வைப்பது?

அங்கேதான் வந்தது வினை. வங்கியில் போடலாம் என்றாள் தங்கை. வங்கி வட்டி யானைப் பசிக்குச் சோளப்பொரி, ஷேர் மார்க்கெட்டில் போடலாம் என்றார் அண்ணன். உன் பேரில் போட்டால் எனக்கென்ன பாதுகாப்பு என்று இவள். அப்படியென்றால் நான் என்ன திருடனா என்று அவர். இப்படிச் சண்டை போட்டு, இரண்டு பேரும் பேசாமலிருந்து, கடைசியில் ஒரு இரும்புப் பெட்டி வாங்கினார்கள். அதற்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. இரண்டு பேரும் ஒன்றாக வந்தால்தான் திறக்கும். பெட்டியை அப்பாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

நேற்று வீட்டுக்காரர் வழக்கு முடிந்து பத்திரத்தோடு வந்தார். குடும்பமே கூடி நிற்க இரண்டு சாவியும் திரும்பின. பெட்டி காலி.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார்" என்றாள் நர்ஸ். "அதுக்கு மேல முடியாதாம். வேற ஆளு ரெடியா இருக்காங்க. வீடு பார்க்கவே வரப்போறாங்க."

"வேற வீடு பார்த்துக்க வேண்டியதுதானே?" என்றேன். என் வாய் அப்படி.

அப்போது அப்பா உள்ளே வந்தார். கையில் தட்டு, தட்டில் நாலு டம்ளர் டீ. நேராக வந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, ஸ்டூலின் மேல் தட்டை வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கண்களைக் கவனித்தேன். சர்க்கரை நோய் அவர் பார்வையை முழுசாகத் தின்றிருந்தது.

அவர் சமையலறைக்குத் திரும்பிப் போனதும் நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு போனதே இந்த வீட்லதான் சார். எந்தச் சுவரு எங்கன்னு அவருக்கு அத்துப்படி. குச்சி கூட வேண்டாம். போன வருஷம் ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப பாத்ரூம் போறதுக்குள்ள ரெண்டு தடவை விழுந்துட்டார். அப்புறம் கட்டிலை விட்டு எறங்கவே இல்ல. இங்க வந்தப்புறம்தான் மறுபடி மனுஷனா நடமாடறார். இந்த வீட்டை விட்டா அவர் படுத்த படுக்கைதான்."

என் வாயை மூடிக்கொண்டேன். அதற்கும் சம்பளம் உண்டு.

மேடம் டீயைத் தொடவில்லை. "போலீசுக்கு ஏன் போகல?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

"குடும்ப மானம்..." என்றார் அவர்.

"ஆமா, மானம்" என்றாள் அவள். வந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"எங்களுக்கு முன்பணம் மட்டும் ரெண்டு பேரும் தனித்தனியா குடுத்திருக்கீங்க" என்றார் மேடம். "நல்ல மானம்."

குனிந்து பெட்டியை மூடி, பூட்டு இரண்டையும் பூட்டினார். பிறகு அதை அப்படியே அரைவட்டமாகத் திருப்பி, முதுகைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மூடியைப் பெட்டியோடு சேர்த்துப் பிடிக்கிற கீல்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொரு கீலுக்கு நடுவிலும் ஒரு நீள ஆணி. மேடம் தன் வீட்டுச் சாவியால் ஓர் ஆணியை அடியிலிருந்து நெம்பினார். அது சத்தமில்லாமல் மேலே வந்தது. இரண்டாவதையும் எடுத்தார். மூடியைப் பின்பக்கத்திலிருந்து தூக்கினார். முன்னால் பூட்டு இரண்டும் பூட்டியபடியே இருக்க, பெட்டி பின்னால் திறந்துகொண்டது.

"அடப்பாவி!" என்றேன்.

"இவ்வளவு நாளும் அவர் பூட்டை நீங்க பார்த்தீங்க, உங்க பூட்டை அவர் பார்த்தார். முதுகுப் பக்கம் யாரும் பார்க்கல" என்று தங்கையிடம் சொன்னார் மேடம். "ஸ்பீக்கர், இதை மோந்து பாரு."

கீலைச் சுற்றி பெயின்ட் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. முகர்ந்தேன். பெயின்ட் வாசனை இல்லை. கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால் வருமே, அந்த வாசனை.

"நெயில் பாலிஷ்!"

சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணி, அதாவது லிப்ட் மெக்கானிக்கின் மனைவி, வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டு கையிலுமாகப் பத்து நகமும் ரத்தச் சிவப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"கேஸ் முடிஞ்சுது மேடம். அம்மணி, கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்குய்யா நீட்டணும்? என் மூஞ்சியில திருடின்னு எழுதி ஒட்டியிருக்கா?" அண்ணி உள்ளே போனாள். பஞ்சும் பாலிஷ் அழிக்கிற திரவமும் கொண்டுவந்து மேடத்தின் முன்னால் டொக்கென்று வைத்தாள். "தொடைச்சுப் பாருங்க. நல்லா பக்கத்துல வச்சுப் பாருங்க. என் நகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்தா இங்கயே விரலை வெட்டிக்கறேன்."

மேடம் துடைத்தார். பளபளப்பு பஞ்சோடு வந்துவிட்டது. பாலிஷேதான். ஆனால் பஞ்சில் ஒட்டியது அடர்ந்த மெரூன், பெட்டியின் நிறம். அண்ணியின் நகம் வேறு நிறம்.

"வெரலை வெட்ட வேண்டாம்" என்றார் மேடம். "பக்கத்துல ஃபேன்சி ஸ்டோர் இருக்கா?"

"இருக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிர்ல" என்றாள் அண்ணி. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஃபேன்சி ஸ்டோர் அக்காவுக்கு ஆள் நினைவிருந்தது. நினைவில்லாமல் எப்படி?

"பெயின்ட் சில்லு ஒண்ணைத் துண்டுத் துணியில முடிஞ்சு கொண்டாந்தாங்க மேடம். என் கடையில இருக்கிற எல்லாப் பாட்டிலையும் எடுத்து வச்சு வச்சுப் பார்த்தாங்க. புடவைக்கு மேட்ச் பார்ப்பாங்க, வளையலுக்குப் பார்ப்பாங்க. பெயின்டுக்கு மேட்ச் பார்த்தவங்களை அன்னிக்குத்தான் பார்த்தேன்."

"யாரு அக்கா அது?" என்றேன்.

"எதிர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான். ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கறவங்க நகத்துல பாலிஷ் போடவே கூடாதாம். அவங்கதான் ஒரு தடவை சொன்னாங்க. அதான், உங்களுக்கு எதுக்கும்மா இதுன்னு கேட்டேன். கூட வேலை பாக்கற பொண்ணுக்கு கிஃப்ட்டுன்னாங்க. கிஃப்டை யாராவது பெயின்டோட ஒப்பிடுவாங்களா?"

தெருவுக்கு வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க மேடம்! அப்பா படுத்த படுக்கையாயிடுவார்னு நம்மகிட்டயே உருகினாளே! ஆணியைக் கழட்டினது அவ, பாலிஷ் பூசி மறைச்சது அவ, நம்மளைக் கூப்பிட்டதும் அவ! என்ன நடிப்பு!"

"கத்தாதே. பாதிதான் தெரிஞ்சிருக்கு."

"இன்னும் என்ன பாதி?"

"பாலிஷுக்கு அடியில கீறல் இருந்துச்சு. அது அவ கழட்டினப்ப விழுந்தது. பாலிஷுக்கு மேலயும் கீறல் இருந்துச்சு. பார்த்தியா?"

பார்க்கவில்லை. அண்ணியின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூசி மறைச்சவ அவ பூச்சையே எதுக்குக் கீறணும்? அவளுக்கு அப்புறம் இன்னொருத்தர் திறந்திருக்கார். யோசிச்சுப் பாரு. வெளித்திருடன்னா முதல் தடவையே வழிச்செடுத்துட்டுப் போயிருப்பான். ரெண்டாவது ஆளுக்கு மிச்சம் வச்சுட்டுப் போறவ யாரு?"

நான் நின்றுவிட்டேன். "பாதிதான் தன்னுதுன்னு நினைக்கிறவ."

"வா" என்றார் மேடம். அவர் நடையில் கோபம் தெரிந்தது. அவர் கோபப்பட்டால் கத்த மாட்டார், வேகமாக நடப்பார். நான் பின்னால் ஓடினேன்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அப்பா தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேடம் உட்காராமலே ஆரம்பித்தார். பெயின்ட் சில்லு, பாலிஷ் பாட்டில், கிஃப்ட் கதை, எல்லாம் வரிசையாக வந்தன.

லிப்ட் மெக்கானிக் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களாப்பா! நான் சொன்னேனா இல்லையா? உங்க செல்ல மக! வாயைத் திறந்தா வங்கி வங்கின்னு..."

"உக்காருங்க தம்பி" என்றார் மேடம். "உங்ககிட்ட இனிமேதான் வரணும்."

ஆணி ஒன்றைக் கைக்குட்டையில் வைத்து நீட்டினார். முழுக்கக் கறுப்பு கிரீஸ்.

"பெட்டி அடியெல்லாம் துரு. ஆனா ஆணி மட்டும் வெண்ணெயில வழுக்கற மாதிரி வந்துச்சு. நர்ஸுக்கு ஆணியைக் கழட்டத் தெரியும், சொருகத் தெரியும். கிரீஸ் போடணும்னு தோணுமா? வேலையே கிரீஸா இருக்கறவர் கைக்குத்தான் காஞ்ச ஆணியைத் திருப்பிச் சொருக மனசு வராது. திருட்டு வேலையிலயும் தொழில் சுத்தம். சபாஷ்."

அண்ணி கணவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க இது?"

அவர் உட்கார்ந்தார்.

"நான் திருடல!" என்றாள் நர்ஸ். "என் பாதியைத்தான் எடுத்தேன். அண்ணன் கைக்குப் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. வங்கியில பத்திரமா இருக்கு. நேத்துப் பெட்டியைத் திறந்ததும் என்னுதைச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அவர் பாதியும் இல்லன்னு பார்த்ததும்..."

"இவருதான் திருடன்னு எங்களை வச்சு நிரூபிச்சுட்டு, அப்புறம் சொல்லலாம்னு இருந்தீங்க" என்றேன்.

"நான் திறந்தப்பவே பாதி இல்ல!" என்று அண்ணன் கத்தினார். "அப்பவே தெரியும், இவதான்னு. மிச்சத்தையும் எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது? அதான் என்னுதை எடுத்தேன். அவளா ஒத்துக்கட்டும்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"ரெண்டு பேர் பணமும் இருக்குல்ல?" என்றேன். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. "அப்ப இன்னும் நேரம் இருக்கு. எடுத்துட்டு வாங்க, எழுந்திருங்க!"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"டெபாசிட்ல போட்டேன்" என்றாள் நர்ஸ். "நடுவுல எடுக்கவே முடியாத டெபாசிட்டா கேட்டு வாங்கினேன். அண்ணன் வந்து அழுதா எனக்கு மனசு இளகிடும். நானே எடுத்துக் குடுத்துடுவேன். அந்தப் பயத்துலதான். அது முடிய இன்னும் வருஷக்கணக்கா இருக்கு."

மேடம் அண்ணனைப் பார்த்தார். அவர் போனை எடுத்துத் திறந்து, பேசாமல் நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். ஷேர் மார்க்கெட் கணக்கு, திரை முழுக்க நஷ்டச் சிவப்பு. போட்ட பணத்தில் பாதி கூட மிச்சமில்லை. அதையும் இப்போது விற்றால் காசு கைக்கு வர இன்றைக்கு ஆகாது.

"சும்மா கிடக்குதே, வீட்டு ரிப்பேர் செலவுக்கும் சேர்த்துச் சம்பாதிச்சுடலாம்னு..." என்றார்.

மேடம் வெடித்தார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கூப்பிட்டா வரணும்யா அந்தப் பணம்! என்னிக்கு வீட்டுக்காரர் வருவார்னு தெரியாம காத்திருக்கறவங்க, ஒருத்தி எடுக்கவே முடியாத எடத்துல கொண்டு போய் வைக்கறா, இன்னொருத்தர் எப்ப விழும்னே தெரியாத எடத்துல வைக்கறார்! வட்டி கம்மியா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே! ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும்ங்கற மாதிரி கணக்கு எந்த வங்கியிலயும் திறந்து குடுப்பாங்க. ஒரு காலை நேர வேலை. இந்தப் பெட்டியோட ரெண்டு பூட்டுதான் அது, கீல் மட்டும் கிடையாது! போய் ஒரு வார்த்தை கேட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கவுன்டர்ல நிக்க உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா?"

மேடம் தன் போனிலிருந்தே வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். கெஞ்சினார். ஊருக்கெல்லாம் முடியாது சொன்னவர், கடைசியில் அந்த வார்த்தையைத் தன் காதில் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். வாங்குகிறவர்கள் கிளம்பிவிட்டார்களாம்.

அப்பா அப்போதுதான் பேசினார்.

"ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு."

எல்லோரும் திரும்பினோம்.

"கட்டிலுக்கு அடியிலதானே இருந்துச்சு. நான் தூங்கறேன்னு நெனச்சீங்க. மொதல்ல தட்டினது மெதுவா, பயந்து பயந்து தட்டுச்சு. அடுத்தது ஒரே நெம்பு. யார் யாருன்னு எனக்குத் தெரியாதா? நல்ல எடத்துல போடத்தான் எடுக்கறாங்கன்னு இருந்தேன். யாராவது ஒருத்தர் வந்து என்கிட்ட சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒருத்தரைச் சொன்னா இன்னொருத்தரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு நானும் வாயைத் திறக்கல. தப்புதான்."

நர்ஸ் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க என்கூட வந்துடுங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே சின்னதா ஒரு வீடு பார்க்கறேன்."

"உன்கூடவா?" அண்ணன் எழுந்துவிட்டார். "நைட் டியூட்டிக்கு நீ போயிட்டா யார் பார்க்கறது? அப்பா என்கூடத்தான் இருப்பார்."

"உன்னை நம்பியா? பணத்தைப் பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே!"

"நீ மட்டும் என்ன கிழிச்சே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசூல் வேலையில் எத்தனையோ வீட்டு வாசலில் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை கூட மனசோடு கத்தியதில்லை. "வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அதே நேரம் அழைப்பு மணி அடித்தது.

அப்பா எழுந்தார். மகளின் கையை விலக்கிவிட்டு, நேராக நடந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அந்தப் பெண் கையில் அளவு டேப் இருந்தது.

"வீடு பார்க்க வந்தீங்களா? வாங்க, வாங்க. பார்த்து, உள்ள ஒரு படி எறங்கும். புதுசா வர்றவங்களுக்குத் தடுக்கும்."

அவர்களை அழைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைக் காட்டினார். அலமாரிக் கதவு எங்கே இழுக்கும் என்று சொன்னார். படுக்கையறை ஜன்னலைத் தள்ளித் திறந்து, "மத்தியானம் இதைத் திறந்து வச்சா நல்ல வெளிச்சம் வரும்" என்றார். அவருக்குக் கண் தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் ஜன்னலை அளந்தாள். பிறகு நட்பாகத்தான் கேட்டாள்.

"வீடு இவ்வளவு நல்லா இருக்கே சார், நீங்களே வாங்கிக்கலையா?"

அப்பா ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பணமெல்லாம் இருந்துச்சும்மா" என்றார். "வைக்கத்தான் எடமில்லாமப் போச்சு."